பொலோஞாவில் மா குழைத்த நாள்

இத்தாலியின் வடபகுதியில் எமிலியா-றொமாஞா மாநிலத்தின் தலைநகராக விளங்குவது பொலோஞா. சூரிச்சிலிருந்து மிலானோ சென்று புகையிரதம் மாறினால், காலையில் புறப்பட்டவர் பிற்பகலில் அங்கே நிற்கலாம். 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் அடிச்சுரங்கம் 2016இல் திறக்கப்பட்ட பின்னர் பயணநேரம் குறைந்துவிட்டது.

எமது பிள்ளைகள் பாடசாலையில் சாப்பிட்டுப் பழகி வீட்டிலும் கேட்கும் 'ஸ்பகெற்றி பொலொனேஸ்' இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. ஆனால் ஊர்க்காரரிடம் அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அந்த இறைச்சிக் குழம்புக்கு அங்கே 'றாகூ' என்று பெயர். அது சேர்வது ஸ்பகெற்றியுடன் அல்ல. முட்டை விட்டுக் குழைத்த மாவைப் பட்டையாக வெட்டிய 'தாலியாத்தெல்லே'யுடன்.

கடந்த ஈஸ்ரர் விடுமுறையில் மனைவி, மகளுடன் அங்கே ஓர் அரைநாள் சமையல் வகுப்பில் சேர்ந்தோம். மா உருட்டுவதையே தொழிலாகக் கொண்ட பெண்களை 'ஸ்ஃபொல்யீனா' என்கிறார்கள். எமக்குக் கற்பித்தவருக்கு எழுபது வயதிருக்கும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் இல்லை. மரப்பலகையில் மாவைக் குவித்து, நடுவில் கிணறுபோலக் குழித்து, முட்டையை உடைத்து ஊற்றி முள்ளுக்கரண்டியால் கலக்க வேண்டும். பின்னர் உள்ளங்கையால் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திக் குழைத்து, மூடி அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். உருட்டும் கட்டை இரண்டு முழ நீளம். உருட்டிய மாவைத் தூக்கிப் பிடித்தால் அதனூடாக ஊருக்கு வெளியே குன்றிலுள்ள சான் லூக்கா தேவாலயம் தெரிய வேண்டுமாம்! எங்களுடையதில் யன்னல் வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆசிரியை தராசில் நிறுத்தது எங்களுக்காகத்தான். மழை நாளில் மா வேறு மாதிரி இருக்கும், கைதான் சொல்லும் என்றார். ஊரில் அம்மா சொல்வதும் இதுவேதான்.

மனைவிக்கு வேறொரு விடயம் பிடிபட்டது. நாங்கள் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை முதலில் அவித்து அரித்துத்தானே எடுக்கிறோம்? அந்த ஆவியில் மாவின் பசைத்தன்மை போய்விடுகிறது; அதனால்தான் பிட்டு உதிர்கிறது, இடியப்பம் உரலில் இலகுவாக இறங்குகிறது. பொலோஞாக்காரர் நாங்கள் போக்கும் அதே பசையைக் குழைத்துக் குழைத்து வரவழைக்கிறார்கள். மா ஒன்றுதான், வேலை நேரெதிர். மகள் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது ஆசிரியை நம்பவில்லை. மாவை ஏன் அவிக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார்.

1972இல் இத்தாலிய சமையற்கலைக் கழகத்தினர் தாலியாத்தெல்லேயின் அளவை இந்நகர வர்த்தக சம்மேளனத்தில் பதிவு செய்தனர். வெந்தபின் அகலம் 8 மில்லிமீற்றர். அதாவது, நகரிலுள்ள அசினெல்லிக் கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு! பொன்னில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். றாகூவின் செய்முறையும் 1982இல் பதிவாகியது. இதைக் கேட்டதும் மனைவி, "எங்கடை இடியப்பத்துக்கு ஆர் அளவு பதிஞ்சு வைச்சிருக்கினம்?" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

போக விரும்புவோருக்கு இரண்டு விடயம். றாகூவில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேரும். வேண்டாதவர்கள் முற்கூட்டியே சொன்னால், றிக்கொத்தா பாற்கட்டி வைத்து மடித்த 'தொர்த்தெல்லோனி'யை வெண்ணெயுடன் தருவார்கள். அதுவும் நல்ல சுவை. மற்றது, தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்களும் தற்காலிக அனுமதி உள்ளவர்களும் எல்லை தாண்டுமுன் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய அன்றிரவே மகள் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து அம்மம்மாவிடம் இடியப்ப அளவு கேட்டாள். "ரெண்டு சுண்டு மா, தண்ணி கையுக்குத் தெரியும்" என்றார் அம்மா. சுண்டு எத்தனை கிராம், தட்டி நிரப்புவதா, தட்டாமலா என்று இவள் விடாமல் கேட்க, அம்மா சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார். இப்போது ஞாயிறு தோறும் அங்கே அம்மா குழைக்க, இங்கே மகள் அவித்த மாவையும் கொதிநீரையும் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுகிறாள். மூன்று ஞாயிறு போய்விட்டது. தண்ணீரின் அளவில் பாட்டியும் பேத்தியும் இன்னும் ஒத்துவரவில்லை.