மகளும் நானும் கியர் ஆயில் மாற்றிய கதை



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கையில என்ன சிவப்பு? மருதாணியா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். மருதாணி இல்லை. ஆட்டோமேட்டிக் காரின் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஆயில். என்ஜின் ஆயிலோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அதற்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள். "அமெரிக்கா போய் மெக்கானிக் வேலையா பாக்குறீங்க?" என்று என் சித்தி மகன் கேட்டான். அதற்கான பதில்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் இருப்பது ஓஹையோ மாநிலத்தில், மகள் வீட்டில். மருமகனுக்கு இந்த வருடம் வேறு மாநிலத்தில் வேலை. வார நாட்களில் மகளும் பேரனும் மட்டும்தான். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வகம் 38 மைல் தூரம். பஸ் கிடையாது. இருப்பது ஒரே கார், 2004 மாடல் டொயோட்டா கேம்ரி. பழைய காராக வாங்கியது. 1,42,000 மைல், அதாவது சுமார் 2,28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

சில மாதங்களாகக் காலையில் கியரைப் போட்டால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினாள். "இத்தனை மைல் ஓடிய வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர் பெட்டி போய்விடும். தொடாமல் ஓட்டுங்கள். நின்றுபோனால் வேறு பெட்டி மாற்றலாம்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். கார் விலையை விட அது அதிகம். அன்றிலிருந்து தினமும் காலையில் சாவியைத் திருப்பும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் இயற்பியல் புத்தி சும்மா இருக்குமா? ஆயில் மாற்றினால் ஏன் பெட்டி கெட வேண்டும் என்று யோசித்தேன். முதலில் அந்த ஆயிலுக்கு உள்ளே என்ன வேலை என்று பார்ப்போம்.

இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் மிதி இல்லாமல் போனது இந்தத் தத்துவத்தால்தான். என்ஜின் ஒரு விசிறியைச் சுற்றும்; காற்றுக்குப் பதில் ஆயில் அந்த விசையை எடுத்துப்போய் அடுத்த விசிறியைச் சுற்றும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் கப்பல்களுக்காக 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முழு ஆட்டோமேட்டிக் பெட்டி பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில்.

விசையைக் கடத்துவதோடு ஆயிலின் வேலை முடிவதில்லை. அழுத்தம் கொடுத்து கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும் அதுதான். பல்சக்கரங்களுக்கு மசகு, உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோகும் கூலி, எல்லாமே அதுதான். தட்டுகள் வழுக்கவும் கூடாது, வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. அந்த நடுநிலைக்காக ஆயிலில் சில ரசாயனங்கள் கலக்கிறார்கள். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அதற்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். சட்டம் வந்து தடுத்த பிறகு மாற்று கண்டுபிடித்தார்கள். இதைக் கேட்டுவிட்டு என் பேரன் இரண்டு நாள் திமிங்கிலமாகவே வரைந்து தள்ளினான்.

சூடு ஏற ஏற இந்த ரசாயனங்கள் தேயும். தட்டுகளின் தூளும் இரும்புத் தூளும் ஆயிலில் சேரும். "வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று சில கார் கம்பெனிகள் சொல்கின்றன. யாருடைய வாழ்நாள் என்று கேட்க வேண்டும். கியர் பெட்டிகளையே தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டில், ஆயிலை மாற்றச் சொல்கிறது.

அப்படியானால் "மாற்றினால் கெடும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பெரும்பாலோர் வண்டி வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயிலைப் பற்றியே நினைக்கிறார்கள். அதற்குள் தட்டுகள் தேய்ந்து முடிந்திருக்கும். புது ஆயில் ஊற்றுகிறார்கள். அடுத்த மாதம் வண்டி நிற்கிறது. பழி ஆயில் மேல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் நம் வண்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைப்பதும் தப்பு, பயந்து உட்கார்ந்திருப்பதும் தப்பு.

கோவில்பட்டிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவனை வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். "டீச்சர், முதல்ல டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க. கருகின வாசம் வந்தா கை வைக்காதீங்க. ஓட்டும்போது வழுக்குதான்னு அக்காகிட்ட கேளுங்க. மாத்துறதா இருந்தா வடிச்சதை அளந்து வைங்க, அதே அளவு ஊத்துங்க" என்றான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே ரோட்டில் போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை அவன். அன்று அவன் ஆசிரியர், நான் மாணவி.

மோந்து பார்த்தோம். ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. கருகல் வாடை இல்லை. ஓடும்போது வழுக்கலும் இல்லை. "செய்துவிடுவோம் அம்மா" என்றாள் மகள்.

ஒரு சனிக்கிழமை, வீட்டுக் காரேஜில் வேலை. படுத்தது மகள். நான் டார்ச்சும் கையேடும் பிடித்துக்கொண்டு நாற்காலியில். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகுதான் அவளை உள்ளே போக விட்டேன். வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

அடியிலுள்ள திருகைக் கழற்றி ஆயிலை வடித்தோம். பிறகு ஆயில் தட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றித் தட்டை இறக்கினாள். எனக்குப் பரீட்சை ரிசல்ட் பார்ப்பது போல இருந்தது. தட்டின் அடியில் சின்னச் சின்னக் காந்தங்கள் உண்டு, இரும்புத் தூளைப் பிடித்து வைக்க. அவற்றில் உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எங்களுக்குக் கிடைத்தது கண்மை போல வழவழவென்று சாம்பல் கலந்த கறுப்புப் பசை மட்டும். விரலில் தேய்த்துப் பார்த்தாள், நெருடவில்லை. இது இயல்பான தேய்மானம். "அம்மா, பாஸ்!" என்று அடியிலிருந்தே கத்தினாள். ஒர்க்‌ஷாப்பில் யாரும் திறந்து பார்க்காத ஒன்றை நாங்கள் கண்ணால் பார்த்துவிட்டோம்.

பில்டரை மூன்று போல்ட்டுகள் பிடித்திருந்தன. அதைக் கழற்றும்போது இன்னும் கொஞ்சம் ஆயில் கொட்டும், முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். புது பில்டரை மாட்டி, தட்டையும் காந்தங்களையும் துடைத்து, புது பேக்கிங் வைத்து மூடினோம். தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும். அளவு 7.8 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் மூன்று கிலோ அரிசிப் பை தொங்கும் கனம், அவ்வளவுதான். பலம் காட்டினால் மரை போகும்.

வடிந்தது சுமார் மூன்றரை லிட்டர். டிப்ஸ்டிக் குழாயில் நீளப் புனல் வைத்து அதே அளவு புது ஆயில், இந்த வண்டிக்கு உரிய டி-ஃபோர் வகை, ஊற்றினோம். என்ஜின் ஓட, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, வண்டி சமதளத்தில் சூடாக நிற்கும்போது அளவு பார்த்தோம். சூட்டில் திரவம் விரியும் என்பதால் டிப்ஸ்டிக்கில் குளிருக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு. குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். கூடினால் ஆயில் நுரைக்கும். இரண்டும் ஆபத்து.

இப்போது ஒரு கணக்கு. பெட்டியில் மொத்தம் சுமார் 8 லிட்டர். அந்த விசிறிப் பகுதியில் தங்குவது வடியாது. மூன்றரை லிட்டர் மாற்றினால் பழையது நூறில் 56 பங்கு மிச்சம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் 32. மூன்றாம் முறை 18. பெருக்குத் தொடர் எதுக்கு உதவும் என்று கேட்டவர்கள் கவனிக்கவும்! இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை செய்தோம். பில்டர் முதல் முறை மட்டும். நீங்கள் பார்த்த சிவப்புக் கை மூன்றாம் முறையுடையது. பழைய ஆயிலை ஒரு துளி கூட மண்ணில் விடாமல் கேனில் அடைத்து, இலவசமாக வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடையில் கொடுத்தோம்.

காலைத் தயக்கம் இப்போது ஏறக்குறைய இல்லை. இந்தப் பெட்டி இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆனால் மகள் சாவியைத் திருப்பும்போது முன்பிருந்த அந்த முகம் இல்லை. நேற்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தன் காரின் டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலில் நின்று கேட்டேன். நன்றாகவே பாடம் நடத்துகிறாள்.

ஊரில் ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. ஏ.எம்.டி., சி.வி.டி., இரட்டை கிளட்ச் என்று வகைகள் உண்டு. ஒன்றின் ஆயில் இன்னொன்றுக்கு ஆகாது. உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்துப் படியுங்கள். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இருக்காது. அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஆனால் விடும்போதும், "ஆயில் எப்படி இருந்தது, காந்தத்தில் என்ன இருந்தது" என்று கேளுங்கள். கேள்வி கேட்கத்தானே இத்தனை வருடம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்