ஒரே தாளில் இரு நோன்புகள்

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக்காட்டியை ஒருமுறை எழுந்து சென்று பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும். ஒருபுறம் தமிழ் மாதமும் நாளும், மறுபுறம் ஹிஜ்ரி மாதமும் பிறையும் இருக்கும். அவற்றின் கீழே திதி, நட்சத்திரம், இராகு காலம் ஆகியவை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். நம்மில் பலர் நமக்குரிய ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு, மாலையில் தாளைக் கிழித்து எறிந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த அலட்சியத்தால் நேர்ந்த ஒரு தவற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா புதுச்சேரியின் தென்பகுதியில், நம்மவர் வீடுகளும் பள்ளிவாசல்களும் நெருங்கியிருக்கும் முல்லா வீதிப் பக்கம் உள்ளது. குடியிருப்பதோ வடக்கே கடலோரமாக உள்ள குருசுக்குப்பத்தில். குறைந்த வாடகைக்கு வீடு கிடைத்தது என்று அங்கே வந்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. எங்கள் சந்தில் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அடுத்த வீட்டில், கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். நாங்கள் அவரை ‘அக்கா’ என்போம். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார்.

2025ஆம் ஆண்டு ரமலானில் மார்ச் 2 அன்று முதல் நோன்பு நோற்றோம். நான்காம் நோன்பன்று மாலை, என் மனைவி கொத்துக்கறி சேர்த்துக் காய்ச்சிய நோன்புக் கஞ்சியைத் தூக்கில் ஊற்றித் தந்தார். நானே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். வழக்கம்போல் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, “நல்லா இருங்க தம்பி” என்றார். மறுநாள் தூக்கு கழுவித் துடைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாக அனுப்பக்கூடாது என்று அதில் ஒரு பிடி சர்க்கரையும் இருந்தது.

அன்று மாலை அவருடைய பேரன் என் மகனோடு விளையாட வந்தான். “கஞ்சி எப்படி இருந்தது?” என்று சாதாரணமாகக் கேட்டேன். “நேத்து கிருத்திகை ஆச்சே! ஆயா கறி தொடாது. நீங்க குடுத்ததை முனை வீட்டுக்குக் குடுத்துட்டாங்க” என்றான்.

ஒவ்வொரு மாதமும் கிருத்திகையன்று அவர் பகல் முழுவதும் உண்பதில்லையாம். மாலையில் விளக்கேற்றிய பின்னரே ஏதேனும் உண்பாராம். அதிலும் மீன், கறி கூடாதாம். கணவர் இறந்த நாள் முதல் விடாமல் நோற்கும் விரதம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட எனக்கு இது தெரியாது!

வாசகர்களே, அவர் எங்களைப் பற்றி என்னென்ன அறிந்துவைத்திருந்தார் என்பதையும் கேளுங்கள். ரமலான் பகலில் எங்கள் சன்னல் பக்கம் மீன் வறுக்கமாட்டார். எதையேனும் கொடுக்க வந்தால், “பாங்கு ஆயிடுச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாசலில் காலெடுத்து வைப்பார். பொங்கலோ பூசையோ எதுவாயினும், சாமிக்குப் படைத்ததை எங்களுக்குத் தரமாட்டார். “இது படைச்சது இல்ல தம்பி, கடையில வாங்கின பழம்” என்று சொல்லியே கொடுப்பார். நாம் எதை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்பதை எந்தக் கிதாபையும் ஓதாமல் அவர் கற்றுக்கொண்டார். கிதாபு ஓதிக்கொடுக்கும் நானோ அவருடைய ஒரு நாளைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து, தினக்காட்டியை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அட்டையின் பின்புறம் அவர்களின் விரத நாட்கள் ஒரு பட்டியலாகவே இருந்தன. அதன் முறை மிகவும் எளிது. தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. சூரியன் ஒரு இராசியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மாதம் பிறக்கிறது. அம்மாதத்துக்குள் எந்த நாளில் விரதம் என்பதைப் பெரும்பாலும் சந்திரன் தீர்மானிக்கிறது. வளர்பிறையும் தேய்பிறையும் பதினைந்து பதினைந்து திதிகள். அவற்றில் ஆறாம் திதி சஷ்டி. பதினோராம் திதி ஏகாதசி. பதின்மூன்றாம் திதியின் அந்திப் பொழுது பிரதோஷம். தேய்பிறையின் நான்காம் திதி சங்கடஹர சதுர்த்தி. திதியைப் பாராமல் நட்சத்திரத்தைக் கொண்டு வருவது கார்த்திகை எனப்படும் கிருத்திகை. சந்திரன் அந்த விண்மீன் கூட்டத்தை ஏறக்குறைய இருபத்தேழு நாட்களுக்கு ஒருமுறை சேர்கிறது. அந்நாள் முருகனுக்குரியது என்பது அவர்கள் நம்பிக்கை.

நம் ஆண்டோ சந்திரனை மட்டுமே பின்பற்றுவது. 354 அல்லது 355 நாட்கள் கொண்டது. ஆகவே ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. அவர்களுடைய மாசி மகமோ மாசியைவிட்டு நகர்வதில்லை.

கணக்கு வேறாயினும் பார்க்கும் நிலவு ஒன்றுதான். சந்திரனுக்குத் தங்குமிடங்கள் நிர்ணயிக்கப்பட்டிருப்பதை சூரா யாஸீன் நினைவூட்டுகிறது. அரபு மக்கள் அத்தகைய இருபத்தெட்டு இடங்களுக்குப் பெயர் சூட்டினர். நம் நாட்டார் இருபத்தேழு நட்சத்திரங்களாகக் கொண்டனர். தமிழர் கார்த்திகை என்று அழைக்கும் அதே விண்மீன் கூட்டத்துக்கு அரபியில் ‘ஸுரையா’ என்று பெயர். நம் பெண்மக்களுக்கு ஆசையோடு இடும் பெயரல்லவா அது! நம் மகளைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம், அடுத்த வீட்டார் நோன்பு நோற்கும் விண்மீனைத்தான் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரியில் வரலாறு படித்தவன் ஆதலால் நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் சொல்ல ஆசை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், 1825இல் ‘கால சங்கலித’ என்ற ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, மனப்பாடமாக அறிந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். தாளில்லை, எழுதுகோலில்லை. அந்த நூலின் பிற்பகுதியில் தமிழ், தெலுங்கு, முஸ்லிம் ஆண்டுகள் மூன்றுக்கும் அட்டவணைகள் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நூலில் அருகருகே இடம்பெற்றவை, இன்று ஒரே தாளில் அருகருகே அச்சாகின்றன. நாம்தான் அருகில் இருப்பதைப் பார்ப்பதில்லை.

மறுநாள் மதரஸாவில் இதை மாணவர்களிடம் சொன்னேன். மூத்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், அவர்களுடைய விரத நாட்களை நாம் தெரிந்துகொள்வது கூடுமா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். உங்களிலும் சிலருக்கு இந்த ஐயம் எழுந்திருக்கும்.

அறிவது வேறு, செய்வது வேறு என்று அவருக்குச் சொன்னேன். அவர்களின் விரதம் நமக்குரியது அன்று. அவர்களின் வழிபாட்டில் நமக்குப் பங்கும் இல்லை. இந்த எல்லை தெளிவானது. ஆனால், குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். கொடுப்பது என்றால் அவர் உண்ணக்கூடியதைக் கொடுப்பது அல்லவா? பசித்திருக்கும் ஒருவருடைய கையில், அவர் தொடக்கூடாத உணவைக் கொடுத்துவிட்டு, “நான் அண்டை வீட்டாருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன்” என்று மனநிறைவு கொள்ளலாமா? நம் நோன்புப் பகலில் ஒருவர் அன்போடு தேநீர் நீட்டினால் நமக்கு எப்படியிருக்கும்?

அதற்கு மாணவர், “எங்கள் மாமா கறிக்கடை வைத்திருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை எத்தனை என்று அவருக்கு விரல்நுனியில் தெரியும்” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கோ சுருக்கென்றது. வியாபாரம் நமக்குக் கற்றுக்கொடுத்ததை அண்டை வீட்டு உறவு கற்றுக்கொடுக்கவில்லையே!

அடுத்த வாரமே மாசி மகம் வந்தது. மார்ச் 12, எங்களுக்குப் பதினோராம் நோன்பு. மாசி மாதத்தில் சந்திரன் மக நட்சத்திரத்தைச் சேரும் நாள் அது; பௌர்ணமியை ஒட்டி வரும். குருசுக்குப்பத்தை அடுத்த வைத்திக்குப்பம் கடற்கரையில் அன்று தீர்த்தவாரி. மணக்குள விநாயகர் முதலிய நகரத்துக் கோயில்களின் உற்சவ மூர்த்திகளோடு, மயிலம் முருகனையும் தொலைவிலிருந்து கொண்டுவருவார்கள். மறைந்த முன்னோருக்குக் கடலோரத்தில் தர்ப்பணம் செய்வோரும் ஏராளம். மேளச் சத்தத்தையும் கூட்டத்தையும் எத்தனையோ ஆண்டுகள் கண்டிருக்கிறேன். சைக்கிளை எந்த வழியாகத் திருப்புவது என்பதற்கு மேல் நான் சிந்தித்ததில்லை. ஆனால் இம்முறை அக்காவை நினைத்தேன். மாதந்தோறும் அவர் கிருத்திகை நோற்பது இந்த மயிலம் முருகனுக்காகத்தான். அன்று தம் மகனைக் கணவருக்குத் தர்ப்பணம் செய்ய அனுப்பிவிட்டு, அவரும் உண்ணாமல் இருப்பார் என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அன்று என் மனைவி கஞ்சியை இரண்டு பாத்திரங்களில் காய்ச்சினார். ஒன்றில் கறி சேர்க்கவில்லை. அதற்குப் புதுக் கரண்டி. மக்ரிப் தொழுதுவிட்டு அதை எடுத்துச் சென்றேன். அக்கா திண்ணையில் களைத்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, இது கறி போடாதது” என்றேன்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். போன வாரத்துக் கஞ்சியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. “தங்கச்சிக்கு ரெண்டு வேலையா வச்சிட்டேனே” என்று மட்டும் சொன்னார். பிறகு தம்ளர் எடுத்துவரச் சொல்லி, நான் நிற்கும்போதே ஊற்றிக் குடித்தார். பன்னிரண்டு ஆண்டுகளில், நாங்கள் கொடுத்ததை அவர் குடிப்பதை அன்றுதான் என் கண்ணால் கண்டேன்.

ரமலானும் மாசி மகமும் சேர்ந்து வருவது சில ஆண்டுகளுக்கே. பிறகு நம் பிறை முன்னே நகர்ந்துவிடும். மீண்டும் இரண்டும் சந்திக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாகும். அப்போது அக்கா இருக்கமாட்டார். நான் இருப்பேனா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

ஆகவே வாசகர்களே, புதுத் தினக்காட்டி வீட்டுக்கு வரும் நாளில், பின்பக்கப் பட்டியலையும் ஒருமுறை படியுங்கள். உங்கள் அண்டை வீட்டார் எந்த நாளில் நோன்பிருப்பார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், மகிழ்வோடு சொல்வார்கள். அந்நாட்களில் பென்சிலால் ஒரு சிறு வட்டமிட்டு வையுங்கள். எங்கள் வீட்டுத் தினக்காட்டியில் இப்போது பெருநாட்களுக்கு நான் இட்ட வட்டங்கள் உள்ளன. கிருத்திகை நாட்களுக்கு என் மனைவி இட்ட வட்டங்களும் உள்ளன.

அண்டை வீட்டாருக்கு நன்மை செய்பவர்களாக நம் அனைவரையும் வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.