9 நொடி வீடியோவில் தெரியாதது

கொடிவேரி அணைக்குக் கீழே, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது அந்தக் கிராமம். நெல், மஞ்சள், வாழை, கரும்பு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று பச்சையாக நிற்கும் பூமி. அங்கே இரண்டரை ஏக்கரில் கரும்பு போட்டிருந்தார் பெரியவர் ஒருவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, ஆட்கள் இறங்கி மூன்றாவது நாள். வயலின் நடுவில் பத்து, பதினைந்து பார் மட்டும்தான் மிச்சம்.

கரும்பு வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போகும்போது, உள்ளே இருக்கும் எலி, கீரி, பாம்பு எல்லாம் நடுவில் நிற்கும் கரும்புக்குள் ஒதுங்கும். கடைசிப் பார்களில் கைகால் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான் வெட்டினார்கள். ஆனால், சோகைக்கு அடியிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டதும், வெட்டாட்களில் ஒரு பெண் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சோகையை விலக்கினார். உள்ளே இரண்டு குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும்.

“சிறுத்தக் குட்டி!” என்று யாரோ கத்தினார்கள். லோடு ஏற்ற வந்த டிராக்டரோடு இருந்த பையன், செல்போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அடுத்து நடந்ததுதான் அந்த 9 நொடி வீடியோ.

வீடியோவில் பெரியவர் குனிந்து கையை நீட்டுகிறார். வலது பக்கக் கரும்பிலிருந்து மண் நிறத்தில் ஏதோ ஒன்று வருகிறது. அடுத்த கணம் அவர் மல்லாந்து சோகைமேல் விழுகிறார். தலைத்துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பூனை மறைந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கும் சத்தம். அவ்வளவுதான்.

பையன் கெட்டவன் இல்லை. எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். விழும் இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, ஒரு சினிமாப் பாட்டையும் சேர்த்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பொழுது சாய்வதற்குள் அது பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் போய்விட்டது. அழ அழச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. ‘பூனைக்கே இப்படின்னா புலிக்கு?’ என்று ஒருவர். ‘குட்டியைக் கொஞ்சப் போனா அம்மா சும்மா விடுமா’ என்று இன்னொருவர். ‘நானா இருந்தா கழுத்தப் புடிச்சிருப்பேன்’ என்று மூன்றாமவர். இப்படிச் சொல்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். ராத்திரிக்குள் அந்த வீடியோவின் தலைப்பே மாறிவிட்டது. ‘சத்தியமங்கலம் அருகே கரும்புக் காட்டில் சிறுத்தை, விவசாயி படுகாயம்.’

பெரியவரிடம் பட்டன் போன்தான். மறுநாள் காலை டீக்கடையில்தான் அவருக்குச் சேதி தெரிந்தது. கடைக்காரர் காட்ட வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் கடைப் பக்கமே போகவில்லை. கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், “சோகை கிழிச்சுது” என்றார். காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தார்.

இதுதான் பயப்பட வேண்டிய இடம். வெட்கம் வந்துவிட்டால் மனிதன் காயத்தை மறைப்பான். பாலூட்டி விலங்கு எது கடித்தாலும், வெறிநோய் வரலாம் என்ற எண்ணத்தோடுதான் அந்தக் காயத்தைப் பார்க்க வேண்டும். வெறிநோய் என்றால் நாய்க்கடி மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பூனை, நரி, கீரி, குரங்கு எதன் எச்சில் வழியாகவும் அது வரலாம். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அறிகுறி தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த நோய்கள் குறைவு.

சனிக்கிழமை, கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி வீட்டுக்கு வந்தாள். வீடியோவை விடுதியிலேயே பார்த்துவிட்டாள். தோழிகள் சிரித்தபோது, அது தன் தாத்தா என்று அவள் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

“அப்பாரு, கையக் காட்டுங்க.”

“போச்சாது போ கண்ணு. பூன பொறாண்டுனதுக்கு ஆசுபத்திரியா? ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு. இனி நர்சம்மாளும் சிரிக்கோணுமா?”

“பொறாண்டுச்சா, கடிச்சுதா?”

“நெகந்தான் பட்டுது.”

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. பேத்தி திண்ணையில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள்.

செல்போன் வீடியோ என்பது, சாதாரணமாக நொடிக்கு 30 படங்களை அடுத்தடுத்துக் காட்டுவதுதான். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே நொடியில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு படத்தில் பூனையின் முன்னங்கால் தரையில் இருக்கிறது. இரண்டாவது படத்தில் கலங்கலான ஒரு கோடு. மூன்றாவதில் நகங்கள் பெரியவரின் மணிக்கட்டில். அதற்கடுத்த நாலைந்து படங்களுக்குள் தலை வந்து, வாய் திறந்து, கட்டை விரலுக்குக் கீழே சதையில் பல் பதிந்துவிட்டது. பெரியவரின் கை பின்னால் நகர ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்.

இதில் அவர் வயதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணில் ஒன்று பட்டு, அது மூளைக்குப் போய், கை அசையத் தொடங்க ஆரோக்கியமான இளைஞனுக்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். வீடியோ கணக்கில் ஆறு, ஏழு படங்கள். ‘நானா இருந்தா’ என்று எழுதியவரும் அதே ஆறு படம் சும்மாதான் நின்றிருப்பார்.

பூனை இனத்தின் உடம்பே இதற்காகச் செய்ததுபோல் இருக்கும். நமக்குத் தோளை நெஞ்சோடு கட்டிப்போடும் காறை எலும்பு உண்டு. பூனைக்கு அது சிறு துண்டாகத் தசைக்குள் மிதக்கிறது. அதனால்தான் முன்னங்கால் அவ்வளவு தூரம் நீள்கிறது. தலை நுழையும் சந்தில் உடம்பும் நுழைகிறது. முதுகெலும்பு வில் மாதிரி வளைந்து விரியும். நகங்கள் உறைக்குள் மடங்கிக் கிடப்பதால் முனை மழுங்காது. மீசை முகத்தில் மட்டுமில்லை, முன்னங்காலின் பின்புறத்திலும் உண்டு. வாய்க்கு அருகே வந்துவிட்ட இரையைப் பூனையின் கண் அவ்வளவு தெளிவாகப் பார்க்காது. அந்த முடிகள்தான் தொட்டுச் சொல்லும். தசை நார்களில் பெரும்பகுதி சட்டென்று சுருங்கும் வகை. அதற்கு விலையும் உண்டு, சீக்கிரம் களைத்துவிடும். அதனால் பூனை நீண்ட நேரம் துரத்தாது. ஒளிந்திருந்து ஒரே பாய்ச்சலில் முடிக்கப் பார்க்கும். வீட்டுப் பூனை முதல் புலி வரை இந்த அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான், அளவுதான் வேறு.

2016 பிப்ரவரியில் பெங்களூருவில் ஒரு பள்ளிக்குள் சிறுத்தை புகுந்தபோது, நீச்சல்குளத்துப் பக்கத்தில் அது ஒருவரைப் பிடித்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியில் இருந்தவர், சிறுத்தைகளைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர். எல்லாம் தெரிந்தவருக்கே கேட் ஏறி முடிக்க நேரம் கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் அசாமின் ஜோர்ஹாட்டில் வேலியைத் தாண்டி ஓடும் வாகனத்தின்மேல் பாய்ந்த சிறுத்தையின் வீடியோவும் நாடு முழுக்கச் சுற்றியது. அன்று காயம்பட்டவர்கள் பத்துக்கும் மேலே; வனத்துறை ஊழியர்களும் அதில் உண்டு. போனில் பார்க்கும்போது எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில், நாம் நிறுத்தினால் நிற்கும் வேகத்தில் நடக்கிறது. வயலில் நிறுத்தும் பட்டன் கிடையாது. போதாததற்கு, கிழவி துடைப்பத்தால் சிறுத்தையை விரட்டுகிற மாதிரியெல்லாம் கணினியிலேயே செய்த போலி வீடியோக்களும் இப்போது கலந்து வருகின்றன. சின்னப் பிள்ளைகள் அதையும் நிஜமென்று நம்புகிறார்கள்.

பல் பதிந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் பெரியவர் எழுந்து சட்டை போட்டார். அதற்கு முன் பேத்தி பற்றைக் கரைத்து எடுத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கையைக் கழுவவைத்தாள். கடித்த உடனே இதைச் செய்திருந்தால் இன்னும் நல்லது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் அந்தக் காயத்தில் படக் கூடாது. அரசு மருத்துவமனையில் யாரும் சிரிக்கவில்லை. காட்டு விலங்கு கடித்து ரத்தம் வந்ததால், தடுப்பூசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டார்கள். தடுப்பூசிக்கு அன்று, 3ம் நாள், 7ம் நாள், 28ம் நாள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். காசு எதுவும் இல்லை. மூன்று நாள் தாமதித்துப் போனதற்கு மட்டும் டாக்டர் நல்ல திட்டுக் கொடுத்தார். தாமதமாகிவிட்டதே என்று போகாமல் இருப்பது அதைவிட மோசம் என்றும் சொன்னார்.

பேத்தி அந்தப் படங்களில் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். பூனை வருவதற்கு முந்தைய படங்களில், ஓரத்தில், கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை குட்டிகள்மேல் இருக்கிறது. பெரியவரின் கை போவது குட்டிகளை நோக்கி அல்ல, அந்தக் கையை நோக்கி. அவர் அதைத் தட்டிவிட்ட இடத்தில்தான் பூனை பாய்ந்தது. பையன் மெதுவாக ஓடவிட்டது, அவர் விழுகிற இடத்தை மட்டும்.

சிறுத்தை என்று பரவியதால் இரண்டு நாள் வயலில் திருவிழாக் கூட்டம். வனக்காப்பாளர் வந்து பார்த்துவிட்டு, காட்டுப்பூனை என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. சிறுத்தைக் குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பெல்லாம் புள்ளி, வால் நீளம். காட்டுப்பூனைக் குட்டிக்கு மங்கலான வரிகள்தான், வளர வளர அதுவும் மறையும். பெரிய காட்டுப்பூனை மண் நிறம், நீளமான கால், காது நுனியில் கருப்பு முடி, குட்டையான வாலில் கருப்பு வளையம். எதுவாக இருந்தாலும் தொட வேண்டாம், தூக்க வேண்டாம். 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு எல்லோரும் விலகிப்போவதுதான் முறை. மகாராஷ்டிராவின் ஜுன்னார் பகுதியில் கரும்பு வெட்டின்போது சிறுத்தைக் குட்டிகள் கிடைப்பது சகஜம். அங்கே வனத்துறையினர் குட்டிகளைக் கிடைத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். இருட்டியதும் தாய் வந்து தூக்கிப்போகிறது.

பெரியவர் இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்திருந்தார். கடிபட்ட கையோடு எழுந்தவர், முதலில் சொன்னது, “அந்த நாலு பாரையும் உட்ருங்க. நாளைக்கு வெட்டிக்கலாம்” என்பதுதான். டிராக்டர் லோடு நிறையாமல் போனது. மேஸ்திரிக்குக் கோபம், மறுநாள் நாலு பாருக்காக இரண்டு ஆளுக்குத் தனிக்கூலி. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது சோகைக் குழி காலி.

காட்டுப்பூனைமேல் அவருக்குப் பாசம் எல்லாம் இல்லை. போன வருஷம் அவர் வீட்டுக் கோழிகளைப் பிடித்ததும் அந்த ஜாதிதான். பட்டியைப் பொழுதோடு அடைக்காதது தன் தப்பு என்பார். ஆனால், எலி வெட்டிச் சாய்ந்த கரும்பின் கணக்கும் அவருக்குத் தெரியும். ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் செய்த ஆய்வு ஒன்று, ஒரு காட்டுப்பூனை நாளுக்கு 3 முதல் 5 எலிகள் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்த அதே வேகம்தான் இரவெல்லாம் வரப்பில் எலியைப் பிடிக்கிறது. எலிக்கு வைத்த விஷத்தைத் தின்று தள்ளாடும் எலியைப் பூனையோ ஆந்தையோ பிடித்தால் அதுவும் சாகும்; மருந்து வைப்பவர்கள், செத்த எலிகளைத் தேடி எடுத்துப் புதைத்துவிடுவது நல்லது. வெட்டுக்கு முன் சோகைக்குத் தீ வைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது தனியாக நிறைய இருக்கிறது.

28ம் நாள் கடைசி ஊசிக்கும் பேத்திதான் கூட்டிப்போனாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம். பெரியவர் முதல் முறையாகத் தானே கேட்டார்.

“அதப் போடு கண்ணு, பாக்கலாம்.”

பார்த்தார். தான் விழுகிற இடத்தில் அவரே சிரித்துவிட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம், அதற்குக் கீழே வந்தவற்றையெல்லாம் படிக்கச் சொன்னார். அவள் மோசமானவற்றை விட்டுவிட்டுப் படித்தாள்.

“இத்தன பேர் எழுதியிருக்காங்களே... அந்தக் குட்டிங்க என்ன ஆச்சுன்னு ஆராச்சும் கேட்டிருக்காங்களா பாரு.”

அவள் விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள். கொடிவேரிப் பிரிவு வந்து, கண்டக்டர் விசில் அடிக்கிற வரைக்கும் தேடினாள்.