0.24 ஆம்பியர்

உங்க வீட்ல புது கார் இருக்கா? இருந்தா இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. ரிமோட் சாவியை எடுத்து, பக்கத்துல இருக்கற சின்ன பட்டனை அமுக்கி இழுத்துப் பாருங்க. உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவி வரும். எங்க வீட்டில் ஐந்து மாதமாக அந்தச் சாவி அதற்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. தெரிய வந்தது போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை 5:40 மணிக்கு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஸ்கூலில் தமிழை செகண்ட் லாங்குவேஜாக மட்டும் படித்தவன். எடிட்டர் நண்பன் "நீ பேசற மாதிரியே எழுதுடா, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். ஒற்றுப்பிழைக்கெல்லாம் அவனைத் திட்டுங்க.

எங்க ஊர் நாமக்கல். அப்பா கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். நான் பிறந்ததிலிருந்து போன வருஷம் வரைக்கும் எங்க வீட்டு வண்டி என்றால் ஒரு மொபெட்தான். ஆவணியில் கார் வாங்கினார். சின்ன கார்தான், ஆனால் பட்டன் ஸ்டார்ட். முதல் வாரமே தெருவில் யாரோ இடது பக்கக் கதவில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள். அப்பா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் காரை எடுத்ததை விட துடைத்ததுதான் அதிகம். ஐந்து மாதத்தில் ஓடியது 1,900 கிலோமீட்டர். ஆனால் தினமும் காலையில் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பார். "ரெண்டு நிமிஷம் ஓடவிட்டா ஒண்ணுமே ஏறாதுப்பா, பெட்ரோல்தான் வேஸ்ட்" என்று நான் சிரித்திருக்கிறேன். நான் இ.இ.இ. ஃபைனல் இயர் ஆச்சே.

அந்தச் சனிக்கிழமை அம்மாயிக்கு இரண்டாவது கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன். சேலத்தில் 7:30-க்கு இருக்க வேண்டும். அதற்காகவே வெள்ளி ராத்திரி ஹாஸ்டலில் இருந்து வந்திருந்தேன். காலையில் அப்பா ரிமோட்டை அமுக்கினார். கார் வாயே திறக்கவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம். ரிமோட்டில் செல் போயிருக்கும் என்று ஸ்பேர் ரிமோட்டை எடுத்து வந்தோம். அதுவும் அப்படித்தான். அப்புறம்தான் மேனுவலைப் புரட்டி அந்த இரும்புச் சாவியைக் கண்டுபிடித்து, கதவைத் திறந்தோம். பட்டனை அமுக்கினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை மங்கலாக எரிந்து, உள்ளே எங்கேயோ 'டிக் டிக் டிக்' என்று சத்தம். அவ்வளவுதான்.

அந்த 'டிக் டிக்' என்ன என்று எனக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற சொலினாய்ட் உள்ளே இழுக்கிறது, மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது, பேட்டரி வோல்டேஜ் படுத்துவிடுகிறது, சொலினாய்ட் விட்டுவிடுகிறது, லோடு போனதும் வோல்டேஜ் எழுகிறது, மறுபடி இழுக்கிறது. இதை நான் போர்டில் படம் போட்டே விளக்குவேன். "நீ கரண்ட் படிப்புத்தானே படிக்கற, என்னன்னு பாரேன்டா" என்று அம்மா சொன்னபோது, பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். லெட்-ஆசிட் பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளான்டே. ரெண்டு மார்க். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த உருப்படியான தகவல் அதுதான்.

அப்பா ரோட் சைடு உதவி எண்ணுக்கு அடித்தார். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். டாக்ஸி சொல்லலாம் என்றாள் அம்மா. "இதுக்குத்தானே கார் வாங்கினது" என்றார் அப்பா, மெதுவாக. எதிர்வீட்டில் இருந்து ரெண்டு பேர் வந்து தள்ளத் தயாராக நின்றார்கள். அம்மாயி புதுச் சேலையோடு திண்ணையில் உட்கார்ந்து, "நான் வேணா பஸ்ல போய்க்கறேன் சாமி" என்றது.

அப்போதுதான் தெரு முனையில் லாரியை நிறுத்தியிருந்த அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வந்தார். எங்க ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் லாரிக்காரர் இருப்பார் என்று சும்மா சொல்வதில்லை.

"என்னங்க சார், செல்ஃப் எடுக்கலீங்களா?"

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஊரெல்லாம் 'செல்ஃப்' என்றுதான் பெயர். எந்த டெக்ஸ்ட்புக்கிலும் நான் பார்த்ததில்லை. தள்ள வந்தவர்களைப் பார்த்து, "சுத்தமா கரண்ட் இல்லாம தள்ளி பிரயோஜனம் இல்லீங்க. பெட்ரோல் பம்ப்பே கரண்ட்லதான் ஓடுது" என்று சொல்லிவிட்டு லாரியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். நான் அவசரமாக, "அண்ணா, லாரி 24 வோல்ட் ஆச்சே!" என்றேன். பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த மாதிரி.

"ஆமாங்க தம்பி. 24-ஐ அப்படியே குடுத்தா உங்க வண்டியில இருக்கற கம்ப்யூட்டர் பூரா போயிரும். 12-ம் 12-ம் சேந்ததுதானே 24? எர்த்துக்குப் போற ஒரு பேட்டரில மட்டும் எடுப்போம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இஞ்சினை அணைத்தார். ரெண்டு வண்டியும் ஒன்றோடொன்று தொடக் கூடாது என்று அரை அடி தள்ளி நிறுத்தச் சொன்னார். அவரிடம் இருந்தது கடையில் விற்கிற மெல்லிசு வயர் இல்லை, கட்டைவிரல் தடிமனில் பழைய பேட்டரி கேபிள். சிவப்பை எங்க பேட்டரி பிளஸ்ஸில், அதன் மறுமுனையை லாரி பேட்டரி பிளஸ்ஸில். கறுப்பை லாரி பேட்டரி மைனஸில். கடைசி கறுப்பை என் கையில் கொடுத்தார். நான் நேராக எங்க பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"அங்க வெக்காதீங்க. இஞ்சின் இரும்புல, தள்ளி வைங்க. கடைசி கிளிப்லதான் பொறி வரும்."

பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரும் என்பது எனக்குத் தெரியும். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதும் தெரியும். ஆனால் இந்த ரெண்டும் கிளிப் வைக்கிற இடத்தில் வந்து சேரும் என்று ஒரு செமஸ்டரிலும் எனக்குத் தோன்றியதில்லை. இதைப் படிக்கிற ஜூனியர்ஸ், நீங்களாவது ஞாபகம் வச்சுக்கங்க. கழட்டும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

ஐந்து நிமிஷம் விட்டு அப்பா பட்டனை அமுக்கினார். எடுத்துவிட்டது. அம்மாயிதான் முதலில் கை தட்டியது. அண்ணன் காசு வாங்கவில்லை. "போற வரைக்கும் அணைக்காதீங்க" என்றார். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சேலம் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் இஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். செக்யூரிட்டி வந்து சத்தம் போட்டபிறகுதான் சாமியைக் கும்பிட்டுவிட்டு அணைத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கார் திரும்பவும் ஸ்டார்ட் ஆனது.

இதுவரைக்கும் சொன்னது ஜாலியான பகுதி.

சாயங்காலம் அம்மாயியை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் நானும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கே ஒரு அட்வைசர், என்னை விட மூன்று நாலு வயசு பெரியவர் இருக்கும். பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லா இருக்குங்க சார், சார்ஜ்தான் கம்மி. வெளியில ஏதாச்சும் ஃபிட்டிங் பண்ணியிருக்கீங்களா?" என்றார்.

அப்பா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லை. என் பையன் இ.இ.இ. படிக்கறான், அவனே எல்லாம் பார்த்துட்டான்" என்றார்.

பொங்கல் லீவின் கடைசி ஞாயிறு, ஹாஸ்டல் கிளம்புவதற்கு முந்தின நாள், நான் அந்தக் காரில் ஒரு டேஷ்கேம் மாட்டியிருந்தேன். அடுத்த தடவை யாராவது கோடு போட்டால் மாட்டட்டும் என்று. வண்டி நிற்கும்போதும் ஓடணும் என்பதற்காக, சாவியை அணைத்தாலும் கரண்ட் வருகிற ஃபியூஸில் இருந்து நானே வயர் இழுத்தேன். வோல்டேஜ் இறங்கினால் தானாகத் துண்டிக்கிற கிட் கடையில் கிடைக்கிறது. அதற்குப் பணம் கொடுக்க மனசில்லாமல் சாதா கன்வெர்ட்டர் போட்டேன். வயரை அழகாக ஒளித்துவைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கேமராவை அப்பா சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஓடுகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தார். ஃபிட்டிங் என்ற வார்த்தை அவருக்கு அதைக் குறிக்கவில்லை. எனக்குக் குறித்தது.

நான் பேசவில்லை. வயரிங்கில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் பாதி. 'அவனே எல்லாம் பார்த்துட்டான்' பாதி. அட்வைசர் மறுபடி, "இல்லீங்க சார், அஞ்சு மாசத்துல சும்மா இறங்காது" என்றார். அப்பா கத்தினார். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தராவிட்டால்கூட இறங்கி வந்துவிடுகிற மனுஷன். "செத்த பேட்டரியைப் போட்டுக் கொடுத்துட்டு என்னையே கேள்வி கேக்கறீங்களா" என்று சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அந்த அட்வைசர் தலையைக் குனிந்துகொண்டு, சார்ஜ் ஏற்றித் தருவதாகவும், மறுபடி இறங்கினால் மாற்றித் தரச் சொல்லி எழுதுவதாகவும் சொன்னார். ரெண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். வழி முழுக்க அப்பா ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தார்.

ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். செய்முறை வேண்டுமென்றால் இதுதான்: மைனஸ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை சீரீஸில், 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்க. கதவெல்லாம் சாத்தி அரை மணி நேரம் விடணும். கம்ப்யூட்டர்கள் தூங்கினால்தான் சரியான ரீடிங் வரும். நடுவில் தப்பித்தவறி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் மீட்டர் ஃபியூஸ் காலி. அரை மணி நேரம் கழித்து மீட்டர் காட்டியது 0.24. கேமரா வயரைப் பிடுங்கினேன். 0.02.

கணக்கு சுலபம். 0.24 ஆம்பியர் இருபத்துநாலு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 5.76 ஆம்பியர்-ஹவர். எங்க பேட்டரி மேல் எழுதியிருப்பது 35. ஆறே நாளில் காலி; செல்ஃப் எடுக்காமல் போக அதுவரைக்கும் கூடத் தேவையில்லை. கேமரா இல்லாவிட்டால் ரெண்டு மாதம் தாண்டும். இதில் ஒரு வேடிக்கை. ஆல்டர்னேட்டர் ஐடிலில் 20 ஆம்பியர் கொடுத்தது என்று வைத்தால், ரெண்டு நிமிஷத்தில் ஏறுவது சுமார் 0.67. நான் கிண்டல் பண்ணின அந்த ரெண்டு நிமிஷம்தான் என் கேமராவை எதிர்த்து அந்த வாரம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறது.

கேமராவின் மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவாகும். பானெட் மேல் பூனை. பால்காரர். மிச்சமெல்லாம் அப்பா. ஒவ்வொரு நாள் காலையிலும் துணியோடு வந்து கண்ணாடி துடைக்கிறார், அப்புறம் உள்ளே உட்காரும் சத்தம், இஞ்சின் சத்தம். வியாழக்கிழமை கிளிப்பில் இஞ்சின் இழுத்து இழுத்து எடுக்கிறது. "என்னமோ சரியில்லையே" என்று தனக்குத்தானே சொல்கிறார். அதோடு கிளிப் கட். அன்று எனக்கு போன் பண்ணி அதைச் சொன்னார். நான் மெஸ் வரிசையில் நின்றுகொண்டு, "குளிருக்கு அப்படித்தான்பா இருக்கும்" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை சொன்னேன். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு கரண்ட் எடுக்குது?"

"0.24 ஆம்பியர்."

"அது நிறையவா?"

காலண்டர் தாளைக் கிழித்து, பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து அந்தப் பையன்கிட்ட அவ்வளவு பேர் முன்னாடி கத்திட்டனே" என்றார். அப்புறம் சட்டைப் பையில் இருந்து சர்வீஸ் ரசீதை எடுத்து, அதில் இருந்த நம்பரைக் காட்டி, "நாளைக்கு நீ பேசு" என்றார்.

திங்கட்கிழமை முதல் பீரியடைக் கட் அடித்துவிட்டு லேப் வராண்டாவில் நின்று பேசினேன். நாலு தடவை நம்பரை அடித்து அழித்தேன். யார் என்று சொன்னதும் அவர் குரல் ஜாக்கிரதையானது. கேமரா விஷயத்தைச் சொன்னேன். அப்பா மேல் தப்பில்லை, எனக்குத் தெரிந்தே நான் பேசாமல் நின்றேன் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"நான் கேட்டனேங்க தம்பி" என்றார்.

"கேட்டீங்கண்ணா."

"சரி விடுங்க. அதைச் சாவியோட அணையற ஃபியூஸுக்கு மாத்திருங்க. அப்பாவை ஒருநாள் வரச் சொல்லுங்க, எர்த் எல்லாம் ஒரு தடவை டைட் பண்ணிரலாம்."

அப்பா போனார். போகும்போது ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனதாக அம்மா சொன்னாள். பேட்டரி மாற்றவில்லை. இப்படி ஒரு தடவை தரை தட்டினால் தகட்டில் சல்ஃபேட் படிந்து ஆயுசு கொஞ்சம் குறையும், ஆனால் இப்போதைக்கு ஓடுகிறது. கேமரா இப்போது வண்டி ஓடும்போது மட்டும் எடுக்கிறது. கோடு போட்டவர் இன்னும் மாட்டவில்லை.

நானும் நல்ல தடிமனாக ஒரு ஜம்பர் கேபிள் வாங்கி டிக்கியில் வைத்தேன். லாரி அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் டிக்கி கதவைப் பார்த்தார், அதில் இருந்த பட்டனைப் பார்த்தார்.

"பேட்டரி செத்துட்டா இதை எப்படித் தம்பி திறப்பீங்க?"

கேபிள் இப்போது டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.