எப்போது மிஸ் ஆகிறது?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்களும் அதில் ஏறிக்கொண்டிருக்கும். பின்சீட்டில் ஓர் ஆள், கைப்பிடியில் தூக்குவாளி, டேங்க் மேல் மடித்துவைத்த மழைக்கோட்டு. வளைவுகள் ஆரம்பித்ததும் அவற்றில் ஏதாவது ஒன்று திக்கத் தொடங்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் இழுக்கும், மறுகணம் விட்டுவிடும். சைலன்சரில் ‘டப்’ என்று ஒரு வெடி. மேலிருந்து சரக்கு லாரி இறங்கி வருகிறது, பின்னால் ஜீப் ஹாரன் அடிக்கிறது. கீழே சமதளத்தில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வண்டி, தேவைப்படும் இடத்தில் கைவிடுகிறது.

தேனிப் பக்கம் இதை ‘மிஸ் அடிக்குது’ என்பார்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரே சிலிண்டர்தான். ஐடிலில் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் நிமிடத்துக்கு 700 தடவை பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. நாலு சிலிண்டர் காரில் ஒன்று தப்பினாலும் மற்ற மூன்றும் கொஞ்சம் சமாளித்துவிடும். இங்கே ஒன்று தப்பினால் அடுத்தது வரும்வரை தள்ள ஆளில்லை. அதனால்தான் ஓட்டுகிறவரின் இடுப்புக்கும் கைக்கும் அது உடனே தெரிந்துவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு சக்கர வண்டி பொழுதுபோக்குச் சாமான் அல்ல. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப்பாதை ரயில் தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் வந்து சேர்ந்தது. ரயில் இல்லாத அந்த வருஷங்களில் மட்டுமல்ல, அதற்கு முன்னும் பின்னும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போனது வண்டியில்தான். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-யும் அதன் வாரிசான எக்ஸ்எல்லும் திராட்சைக் கூடையும் புல்லுக்கட்டும் உரமூட்டையும் சுமந்தன. 1994-இல் வந்த ஸ்பிளெண்டர் இன்னும் பல வீடுகளில் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த சொத்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டி மிஸ் அடித்தால் ஒரு நாள் கூலியே போகலாம்.

நல்ல மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. “எப்பண்ணே மிஸ் ஆகுது?” என்று கேட்பார். காலையில் எடுத்ததுமா, சூடு ஏறின பிறகா? மெதுவாகப் போகும்போதா, திருகும்போதா? ஏற்றத்தில் மட்டுமா? மழைக்குப் பிறகா, வண்டி கழுவின பிறகா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பதில் வண்டிக்காரரிடம்தான் இருக்கிறது. வீட்டில் தானே பார்த்துக்கொள்ள நினைக்கிறவரும் எதைக் கழற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால் எப்போது என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, ஏர் ஸ்குரூவைத் திருகி, எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் செய்துவிடுகிறார்கள். வண்டி சரியானால் எது காரணம் என்று தெரியாது. சரியாகாவிட்டால், பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துவிட்டதா என்பதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொட வேண்டும். தொட்டபின் அதே சாலையில், அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் ஸ்பார்க் பிளக். காரணம் எளிது: விலை குறைவு, கழற்றுவது சுலபம், எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே கொண்டுவந்து காட்டும் பொருள் அது ஒன்றுதான். வண்டியை ஓட்டிவந்து திண்ணையோரம் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறும்வரை விட்டுவிட வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். நூறு ரூபாய் வேலை சில ஆயிரத்தில் போய் நிற்கும். பிளக் கேப்பைப் பிடுங்கி, பிளக் குழியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பிறகு ஸ்பேனரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும்.

கையில் வந்த பிளக்கின் முனையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நடுவிலிருக்கும் பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் உள்ளே எரிப்பு ஒழுங்காக நடக்கிறது. விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில் மேலே ஏறுகிறது. அது பிளக்கின் குற்றமல்ல, ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் அளவுக்குமீறிச் சூடாகிறது. மற்ற எல்லாவற்றையும்விட இந்த வெள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும். கரி பிடித்த வண்டி திக்கிக்கொண்டாவது வீடு வந்து சேரும். வெள்ளை காட்டும் வண்டியை அப்படியே மலையேற்றினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

அடுத்தது இடைவெளி. இரண்டு முனைகளுக்கும் நடுவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். வண்டிக்கு வண்டி அது 0.6 மில்லிமீட்டரிலிருந்து 0.9 வரை மாறும். ஃபீலர் கேஜ் இல்லாத பழைய பட்டறைகளில் ஆக்சா பிளேடை நுழைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பிளேடின் கனம் 0.6 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் அந்தக் கைவழக்கத்தில் கணக்கும் இருக்கிறது. ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி அகலும். அகல அகல அதைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும்.

மலைச்சாலையில் மட்டும் மிஸ் அடிப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பிளக்கைக் கேப்போடு எஞ்சின் மேல் சாய்த்து, கிக்கரை உதைத்துப் பார்த்து, நீலப்பொறி வந்ததும் ‘கரண்ட் நல்லா வருது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது திறந்த காற்றில் வந்த பொறி. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இறுகிய கலவைக்கு நடுவே அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் பல மடங்கு வோல்டேஜ் தேவை. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி ஏற்றம் ஏறும்போது உள்ளே போகும் கலவையும் அதிகம், அழுத்தமும் அதிகம். இக்னிஷன் காயில் கொஞ்சம் தளர்ந்திருந்தாலோ, பிளக் இடைவெளி கொஞ்சம் அகன்றிருந்தாலோ சமதளத்தில் தெரியாது. வளைவில் தெரியும். எனவே வெளியே பொறி வருகிறது என்பதை வைத்து ஆறுதல் கொள்ளக் கூடாது. நன்றாக ஓடும் வேறொரு வண்டியின் அதே ரகப் பிளக்கைப் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பொறி பார்க்கிறவர்கள் பக்கத்தில் பெட்ரோல் டப்பாவோ சிந்திய பெட்ரோலோ இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். வெறுங்கையால் ஒயரைப் பிடிக்கவும் வேண்டாம்.

இன்னொரு சோதனைக்கு இருட்டு வேண்டும். ராத்திரி வாசல் விளக்கை அணைத்துவிட்டு, திறந்தவெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்து பிளக் ஒயரையும் கேப்பையும் சற்றுத் தள்ளி நின்று உற்றுப் பார்த்தால், வெடிப்பு விட்ட இடத்திலிருந்து ஃபிரேமுக்கு மெல்லிய நீல நூல் ஒன்று தாவுவது சில வண்டிகளில் கண்ணுக்கே தெரியும். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே இறங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரள மலைகளைத் தாண்டி வரும் சாரல் நாட்களில் இந்தக் கசிவு கூடும். முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் வண்டியை இறக்கிக் கழுவியதும் மிஸ் அடிக்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. பிளக் குழியிலோ கேப்புக்குள்ளோ தண்ணீர் நிற்கிறது. கேப்பைக் கழற்றித் துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டால் போதும்.

மின்சாரம் சரி என்று ஆனபின் பெட்ரோலுக்கு வரலாம். இங்கே ஒரு கோளாறைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பலரை வீணாக அலைக்கழிக்கிறது. கம்பத்திலிருந்து குமுளிக்குக் கிளம்பிய வண்டி லோயர் கேம்ப் தாண்டும்வரை ஒழுங்காக ஓடும். பிறகு பசி வந்ததுபோலத் தளர்ந்து, திக்கி, நின்றுவிடும். ஐந்து பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். மறுபடி சில கிலோமீட்டரில் அதே கதை. டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழே வரும் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். சாரலுக்குப் பயந்து மூடிக்கடியில் பாலிதீன் தாளை வைத்து இறுக்குகிறவர்கள் தாங்களே அந்தத் துளையை அடைத்துவிடுகிறார்கள். வண்டி தளரும்போது நிறுத்தி மூடியைத் திறக்க வேண்டும். ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்து, வண்டியும் சரியாகிவிட்டால் கோளாறு அங்கேதான். எந்தப் பாகமும் வாங்க வேண்டாம்.

கார்புரேட்டரில் அடிப்பக்கக் கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். துருவும் தெரியும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி ஐடிலில் நிற்காமல் வேகத்தில் மட்டும் ஓடினால், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. அதன் துளை மிகச் சின்னது. அதைக் கம்பியால் குத்தக் கூடாது, கார்ப் கிளீனராலும் காற்றாலும்தான் சுத்தம் செய்ய வேண்டும். குத்தினால் துளை பெரிதாகி, அளவே மாறிவிடும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆடிக்காற்று புழுதி வாரி அடிக்கும் ஊரில் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

உயரத்தை மறந்துவிடக் கூடாது. தேனி கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே கொடுத்த கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுக்கிறது. கலவை கெட்டியாகி, பிளக் கரிபிடித்து, இழுவை குறைகிறது. அழுக்கான ஃபில்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்காக மலைமேல் போய் ஏர் ஸ்குரூவைத் திருகிச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கினால், கலவை மெலிந்து வேறு தொல்லை தொடங்கும். எந்த உயரத்தில் அதிகம் ஓடுகிறதோ அந்த உயரத்துக்குத்தான் வண்டியை டியூன் செய்ய வேண்டும். இப்போது நாடெங்கும் விற்கும் இ20 பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதிலுள்ள 20 விழுக்காடு எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுவருவதால், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கலவை கொஞ்சம் மெலியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அடிக்கடி தொட்டுப் பார்ப்பது நல்லது.

எஞ்சினைக் கழற்றிப் படிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலைசெய்து காசு சேர்த்து, அதை வாங்கியும்விட்டார். வாங்கியதும் அவர் செய்த வேலை, முழுவதையும் கழற்றி மறுபடி பூட்டியது. பிறகு 1920-இல் பஸ் ஓட்டத் தொடங்கி, தொழிலதிபராகவும் கண்டுபிடிப்பாளராகவும் உயர்ந்தார். அவருக்குக் கையேடு எழுதித் தர ஆளில்லை. இன்று வண்டி வைத்திருக்கிறவருக்குக் கையேடு வண்டியோடேயே வருகிறது. அது பிளாஸ்டிக் உறை பிரியாமல் பீரோவில் கிடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் அநேகமாகக் கார்புரேட்டர் போய்விட்டது, எக்ஸ்எல்லிலும் இன்ஜெக்‌ஷன்தான். வீட்டில் பார்க்க இனி ஒன்றுமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பிளக்கும் கேப்பும் ஃபில்டரும் அப்படியே இருக்கின்றன. சாவி போட்டதும் பம்ப் ஓரிரு வினாடி முனகும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கலாம். பேட்டரியை மீட்டரால் அளக்கலாம், ஏனென்றால் இந்த வண்டிகள் பேட்டரி தளர்ந்தாலே தடுமாறும். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் அதை அலட்சியப்படுத்தாமல் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போய்விட வேண்டும்.

வீட்டு வேலைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. பிளக், ஒயர், பெட்ரோல், காற்று நான்கும் சரியாக இருந்து, சூடானபின் மட்டும் மிஸ் அடித்தால் காயில், பொறியை நேரத்துக்கு விடும் சிடிஐ பெட்டி அல்லது வால்வ் இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும். வால்வ் இடைவெளி என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய கணக்கு. கைப்பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். பட்டறைக்குப் போகும்போது “என்னமோ மிஸ் ஆகுதுண்ணே, பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு டீக்குடிக்கப் போகாதீர்கள். எப்போது, எங்கே, எவ்வளவு தூரத்துக்குப் பிறகு மிஸ் ஆகிறது, வீட்டில் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம். குமுளிக்கோ போடிமெட்டுக்கோ ஏறுகிறவர்கள் சைடு பாக்ஸில் ஒரு புது பிளக்கும் பிளக் ஸ்பேனரும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.