நோட்டில் இருந்த 80

ஆந்திராவில் உள்ள நாகலாபுரத்தில் எங்கள் தச்சுப் பட்டறையில் நீல அட்டை போட்ட ஆர்டர் நோட்டு ஒன்று இருந்தது. 2018-இல் அந்த நோட்டின்படி மாதத்துக்கு 4 சமையலறை, ஏறக்குறைய 80 ஷட்டர், அதாவது அலமாரிக் கதவு. அடுத்த வருஷம் பலகை அறுக்கும் சி.என்.சி. ரூட்டரும் ஓரம் ஒட்டும் எட்ஜ் பேண்டரும் வாங்கக் கடன் கேட்டபோது, வங்கிக்குக் கொடுத்த கணக்கில் மாதம் 1000 ஷட்டர் என்று எழுதினேன். ஒரு நாளைக்கு 40, மாதம் 25 நாள். இயந்திரத்தால் அது முடியும். எங்களுக்கு ஆர்டர் 80-தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன்.

கடன் 14 லட்சம், 5 வருஷம். தவணை மாதம் 30 ஆயிரத்துச் சொச்சம். இயந்திரம் ஓட்டுகிறவருக்கு 18 ஆயிரம். மின்கட்டணம், தேயும் பிட்டுகள், பராமரிப்பு என்று 7 ஆயிரம். ஆக 55 ஆயிரம். 1000 ஷட்டருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 55 ரூபாய். 80-க்குப் பங்கிட்டால் 687 ரூபாய். எங்கள் ஆசாரியும் உதவியாளும் இருவருமாக 1500 ரூபாய் நாள்கூலிக்கு 6 ஷட்டர் அறுத்து, ஓரம் ஒட்டி, கீல் குழி எடுத்துக் கொடுத்தார்கள், ஒன்றுக்கு 250. பலகை விலை இரண்டுக்கும் ஒன்றே. இரண்டு வகுத்தலையும் ஒரே ராத்திரியில் போட்டேன். 80-ஆல் வகுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், ஆசை. 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் ஐகியா கடை திறந்த புதிதில் போய்ப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே நேர்க்கோடு, வரிசை வரிசையாகக் கதவுகள். அகலம் 40, 60, 80 சென்டிமீட்டர் என்று முன்பே வகுத்து வைத்தவை. ஒரே அளவைப் பல நாடுகளில் விற்கிறவர்களுடைய இயந்திரத்துக்கு ஓய்வே இருக்காது; விலை இறங்குவது அதனால்தான். நான் அந்த நேர்க்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல் நிறுத்தித் தடுப்பார்கள். மேஸ்திரி கண்மட்டத்துக்கு வைத்த கல். மேலே 22 அங்குலம் இருக்கும் இடைவெளி கீழே 21¾ இருக்கும். புத்தூர், பிச்சாட்டூர், சத்தியவேடு, எங்கே போனாலும் இரண்டு பொந்து ஒரே அளவில் இராது. ஆசாரி மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, ஷட்டரை அங்கேயே இழைத்துப் பொருத்துவார். ரூட்டரோ எட்டுக்கு நாலு பலகையைப் பத்து நிமிஷத்தில் அறுத்துவிடும். அதற்கு முன் ஒவ்வொரு பொந்தையும் அளந்து கணினியில் வரைய அரைநாள் போகும். வரைபடம் தயாராகும்வரை 14 லட்சம் சும்மா நிற்கும். அளவு கால் அங்குலம் பிசகினால் ஓரம் ஒட்டி முடித்த ஷட்டரை இழைக்கவும் முடியாது. குப்பைக்குத்தான் போகும்.

இயந்திரம் வந்தது பங்குனியில். வேதநாராயணர் கோயிலில் மாலை வெயில் கோபுரவாசலைக் கடந்து மூலவர்மேல் விழும் நாட்கள். முதல் நாள் பாதம், அடுத்த நாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி. வருஷா வருஷம் ஆசாரி அந்த மூன்று நாளும் லீவு எடுப்பார். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருந்தவர். அவர் கோயிலுக்குப் போன நாட்களில்தான் அவருடைய வேலை மேசையை வெளியே எடுத்துப் போட்டு ரூட்டரை இறக்கினேன். நான்காம் நாள் வந்து பார்த்தார். கோபப்படவில்லை.

“தம்பி, மாசத்துக்கு எத்தனை ஷட்டர் வருது நமக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“இனிமே வரும்ணா” என்றேன். அடுத்த மாதம் அவரை நிறுத்திவிட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகு கேட்டவர்களிடமெல்லாம் கொரோனாவால் தொழில் படுத்துவிட்டது என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். ஊரடங்குக்கு முந்தைய 12 மாதத்தில் ஒரு மாதம்கூட 100 ஷட்டரைத் தாண்டவில்லை. நீல நோட்டில் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டாமல் மாமனார் வீட்டு நகையை வைத்துத் தவணை கட்டினேன். என் மனைவி கணக்குக் கேட்டபோது குரலை உயர்த்தினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சென்னையில் அளவைக் கொடுத்தால் பலகைக் கணக்கில் கூலிக்கு அறுத்துத் தரும் பட்டறைகள் அப்போதே இருந்தன. ஊத்துக்கோட்டை வழியாக எங்களுக்குப் பலகை ஏற்றி வரும் வண்டியிலேயே அறுத்த துண்டுகளையும் வரவழைத்திருக்கலாம். பொருத்துவதற்கு ஆசாரியும் இருந்திருப்பார். சொந்தப் பட்டறையில் இயந்திரம் என்று போர்டு வைக்கும் ஆசையில் அந்த வழியை நான் விசாரிக்கக்கூட இல்லை.

எங்கள் மண்டலம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த 2022-இல் இரண்டு இயந்திரத்தையும் 5 லட்சத்துக்கு விற்றேன். மீதிக் கடனை இப்போதுதான் அடைத்து முடித்தேன். விற்பதற்கு முந்தைய பங்குனியில் கோயில் வாசலில் ஆசாரி எதிரே வந்தார். “மெஷின் நல்லா ஓடுதா தம்பி?” என்றார். “ஓடுதுண்ணா” என்றேன். ரூட்டர் நின்று அன்றோடு 9 நாள் ஆகியிருந்தது. அவரிடம் இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை.