சிவன்மலை எரிமலை அல்ல

நான் பொய் சொல்லிச் சம்பாதித்தேன். கோயமுத்தூரிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் சுற்றுலாவாகக் காங்கேயம் சீமைக்குக் கூட்டிப்போவது என் தொழில். விடிந்ததும் பல்லடம் வழியாகக் கிளம்பி, கொறங்காடு, காங்கேயம் காளை, சிவன்மலை, படியூர், கொடுமணல், சென்னிமலைக் கைத்தறி என்று காட்டிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுவோம். அந்த ஒரு நாளில் நான் மைக்கைப் பிடித்துச் சொன்னவற்றில் பல உண்மை இல்லை. சிலவற்றைத் தெரியாமல் சொன்னேன். அவற்றுக்காவது மன்னிப்பு உண்டு. தெரிந்த பிறகும் சொன்னவற்றுக்கு இல்லை. என் வேனில் வந்தவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய பொய் சிவன்மலையைப் பற்றியது. "நீங்க நிக்கறது ஒரு எரிமலை மேலங்க. நெருப்பைக் கக்கி அடங்கின மலை இது" என்று சொல்லிவந்தேன்.

அது எப்படித் தொடங்கியது என்பது நினைவிருக்கிறது. மொரீஷியஸ் போய்வந்த ஒரு குடும்பம் வேனில் இருந்தது. அங்கே கியூர்பைப் ஊரில் எரிமலை வாயின் விளிம்பு வரைக்கும் கார் போகிறது, ஒரே நாளில் எரிமலை, அருவி, ஏழு நிற மண், தமிழ்க் கோயில் எல்லாம் காட்டிவிடுகிறார்கள் என்று அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சிவன்மலை அடிவாரத்தில் இறங்கியதும், "நம்ம பக்கம் அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதுங்களா?" என்று கேட்டார்கள். என் ஊர் அவர்கள் முன்னால் சின்னதாகிவிட்டது போல எனக்குப் பட்டது. இந்த மலைப்பாறை நெருப்புக் குழம்பிலிருந்து உண்டானது என்று எங்கோ படித்திருந்தேன். அதிலிருந்து ஒரே தாவாகத் தாவி எரிமலை என்றேன். அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த கூட்டம் அமைதியானது. செல்போன்கள் மலையை நோக்கி உயர்ந்தன. அந்த அமைதியை நான் ருசி கண்டுவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கும் அதையே சொன்னேன்.

உண்மை என்ன என்பதை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சிவன்மலையும் அதைச் சுற்றியுள்ள சிறு குன்றுகளும் பெரும்பாலும் சயனைட் என்ற பாறைவகையைச் சேர்ந்தவை. அதிலும் நெஃபிலின் சயனைட் உலகில் எல்லா இடத்திலும் கிடைப்பதல்ல. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டி. எச். ஹாலண்ட் 1901இல் இந்தப் பாறைகளுக்கென்றே விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அப்போது இது கோயமுத்தூர் ஜில்லா. 2009இலிருந்து திருப்பூர் மாவட்டம். ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து மேலேறி வந்த பாறைக்குழம்பு, தரையைத் தொடாமல் ஆழத்திலேயே நின்று, மெல்ல மெல்ல ஆறி உறைந்தது. அதை மூடியிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போன பிறகுதான் இது வெளியே தெரிந்தது. நான் காட்டிய இந்த மலை வெடித்துச் சிதறிய குழம்பால் உண்டானதே அல்ல. இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு ஒன்றுதான். 1787இல் அது வெடித்தது பதிவாகியிருக்கிறது. நெடுங்காலம் அடங்கியிருந்துவிட்டு 1991இல் மறுபடி வெடித்தது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு விருந்தினர். நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் எரிமலைக் கதையைச் சொல்லி முடித்துக் கூட்டம் படியேறத் தொடங்கியதும், என்னை மட்டும் ஓர் உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பாட்டில் தண்ணீரைப் பாறையின் உடைந்த முகத்தில் ஊற்றி, சட்டைப்பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளையும் சாம்பலுமாக மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சிலவற்றில் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. நடுநடுவே கறுப்புத் துணுக்குகள். "இந்த மணி இத்தனை பெருசா வளரணும்னா பூமிக்கு அடியில மெதுவா ஆறியிருக்கணும் தம்பி. வெளியில கொட்டுன குழம்பு சீக்கிரம் ஆறிடும். மணி கண்ணுக்கே தெரியாது. இது எரிமலைக் கல் இல்லைங்க" என்றார். கூட்டத்தின் முன்னால் சொல்லி என் முகத்தைக் கெடுக்க அவருக்கு மனமில்லை. நான் நன்றி சொன்னேன். அடுத்த வாரம் வேறொரு கூட்டத்தை அதே இடத்தில் நிறுத்தி, எரிமலை என்றே சொன்னேன்.

அந்த வார்த்தையை விட மனம் வரவில்லை. விமர்சனம் எழுதியவர்கள் அதைத்தான் எழுதினார்கள். நண்பர்களுக்குச் சொல்லி அனுப்பியவர்கள் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் வேனில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். என் மண்ணின் உண்மைக்கு ஆள் இழுக்கும் சக்தி இல்லை என்று நானே முடிவு கட்டியதுதான் நான் செய்த குற்றங்களிலேயே பெரியது.

பொய் விருந்தினர்களோடு கோயமுத்தூருக்குத் திரும்பிப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது ஊரிலேயே தங்கிவிட்டது. அடிவாரத்தில் பூவும் தேங்காய்பழமும் விற்கும் ஒரு ஆத்தா உண்டு. என் கூட்டத்துக்கு அவரிடம்தான் பூ வாங்குவேன். பழகிய புதிதில் அவர் எனக்குச் சொன்ன கதைகள் வேறு. மழை பெய்து வெறித்த மறுநாள் காலையில் அவருடைய அய்யனோடு காட்டில் கல் பொறுக்கப் போவாராம். இளவெயில் சாய்ந்து விழும்போது மண்ணில் எது மின்னுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டுமாம். ஆறு பட்டையாக இருக்கும் குருந்தக்கல்லைச் சாணை செய்பவர்கள் வாங்கிப்போவார்களாம். பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைக்கல் செய்வதற்கு. மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்த இனம்தான். சிலிக்கா குறைவாகவும் அலுமினியம் மிகுதியாகவும் உள்ள குழம்பு மெல்ல உறையும்போது இந்தக் கல் உண்டாகும். ஆத்தா சொன்னது ஒவ்வொன்றும் ஹாலண்ட் ஆய்ந்த நிலவியலோடு பொருந்தும்.

ஒருநாள் நான் வேனை நிறுத்தி இறங்கும்போது ஆத்தா வெளியூர்க்காரர்கள் இருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இது முந்திக் காலத்துல நெருப்புக் கக்குன மலைங்க" என்றார். அவர்கள் போனதும், "ஆருங்க ஆத்தா இதைச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நீதான் கண்ணு சொன்ன. படிச்சவங்களைக் கூட்டியாந்து மைக்குல சொல்றியல்லோ. நீ பொய்யா சொல்லப்போற?"

அவருடைய அய்யன் சொல்லிக்கொடுத்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, என் சொல்லை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரின் மரபைக் காட்டுகிறேன் என்று காசு வாங்குகிறவன், அந்த மரபு இருந்த இடத்தில் என் கற்பனையை நட்டுவிட்டேன். அன்று இரவுதான் நான் சொல்லிவரும் மற்றக் கதைகளையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன்.

கொறங்காட்டை ஆப்பிரிக்கப் புல்வெளி போலத் தானாக முளைத்த காடு என்று சொல்லிவந்தேன். அது குடியானவர்களின் உழைப்பு. வானம் பார்த்த பூமியில் கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து, நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல் மரங்களை விட்டு, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, பாத்தி பாத்தியாகப் பிரித்து மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேயவிடுகிறார்கள். தானாக வந்தது என்று சொன்னபோது தலைமுறை தலைமுறையாக அந்த வேலியைக் காத்தவர்களின் பெயரை நான் அழித்துவிட்டேன்.

சிந்துவெளி முத்திரையில் இருப்பது காங்கேயம் காளைதான் என்றேன். முத்திரையில் இருப்பது திமில் கொண்ட காளை. அது இன்ன இனம் என்று முத்திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. காங்கேயம் இனத்தைச் செம்மைப்படுத்தியதில் பழையகோட்டைப் பட்டக்காரர்களின் பங்கு ஊரறிந்தது. கன்று செம்மை நிறத்தில் பிறந்து சில மாதங்களில் சாம்பலாக மாறும் என்பதை ஒரு தொழுவத்தில் நின்று காட்டினாலே போதுமானதாக இருந்திருக்கும்.

சிவன்மலைக் கோயிலின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியையும் நான் விட்டுவைக்கவில்லை. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து கோயிலில் சொல்ல, சாமியிடம் பூக்கேட்டு உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்பதுபோலப் பலித்ததாகச் சொல்லப்படுபவற்றை மட்டும் அடுக்கி, எதிர்காலத்தைக் காட்டும் பெட்டி என்று விற்றேன். மற்றப் பொருள்கள் இருந்த காலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. யாரோ ஒரு சாதாரண பக்தரின் கனவுக்கு ஒரு கோயில் இடம் கொடுத்து எல்லாரும் வணங்கும்படி வைக்கிறதே, அந்த வழக்கத்தின் அருமையைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கொடுமணலில் செய்தது இதைவிட மோசம். நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கும் அந்த ஊரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இலிருந்து அகழாய்வு செய்தது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் குறிப்பிடும் கொடுமணம் இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம், நீலக்கல், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றில் செய்த மணிகள் கிடைத்தன. பாதி துளையிட்டதும் உடைந்து வீணானதுமான மணிகளும் கிடைத்ததால் அங்கே பட்டறையே நடந்தது என்று தெரிகிறது. பச்சைக்கல்லுக்குப் படியூர் பக்கத்திலேயே இருக்கிறது. ரோமானியர்கள் மதித்து வாங்கிய பச்சைக்கற்கள் பெரும்பாலும் இந்தியாவில் விளைபவை என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கிறார். இவ்வளவும் கையில் இருக்கும்போது, அலெக்சாண்டருக்குப் போன வாள் இங்கே அடித்தது என்றேன். அதற்கு ஒரு சான்றும் கிடையாது.

அதோடு நிற்கவில்லை. உழுத காட்டில் மேலாகக் கிடந்த கறுப்பு சிவப்புப் பானையோடுகளை விருந்தினர்கள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டபோது தடுக்கவில்லை. "ஞாபகத்துக்கு ஒண்ணு வெச்சுக்கங்க" என்று நானே சிலருக்குப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒரு பானையோடு எங்கே கிடந்தது, எதோடு கிடந்தது என்பதில்தான் அதன் சாட்சியம் இருக்கிறது. அலமாரிக்குப் போன ஓடு ஆய்வுக்கு உதவாது.

சொன்ன பொய்களோடு, மறைத்த உண்மையும் ஒன்று உண்டு. கொடுமணலுக்குப் பக்கத்திலேயே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992இல் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கி, கீழ்ப்பக்கத்துக் கிணறுகளும் தோட்டங்களும் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை முழுதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாற்றமும் பேச்சும் விருந்தினர்களின் நாளைக் கெடுக்கும் என்று, வேன் அந்தப் பக்கமே போகாதபடி வழி வகுத்திருந்தேன். சங்ககால நொய்யலைப் பெருமையாகச் சொல்லி, இன்றைய நொய்யலை மறைத்தேன். என் விருந்தினர்களில் பனியன் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் பேச எனக்குத் துணிவில்லை.

இப்போது அந்த வழியை மாற்றிவிட்டேன். அடிவாரத்தில் லென்ஸும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து, பாறையை ஒவ்வொருவரையும் பார்க்கச் சொல்கிறேன். மொரீஷியஸ் தீவு கடலுக்கு மேலே வந்து ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை, இந்தப் பாறை உறைந்து 60 கோடி ஆண்டாகிறது என்று சொல்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள், சலித்துக்கொள்ளட்டும். கொடுமணலில் யாரும் குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்று வேனிலேயே சொல்லிவிடுகிறேன். அணைக்கரையிலும் நிறுத்துகிறேன்.

ஆத்தாவிடமும் போய்ச் சொன்னேன். "அப்ப முன்னால எதுக்குச் சொன்ன?" என்று கேட்டார். "கூட்டத்துக்குப் புடிச்சுதுங்க ஆத்தா, அதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளுக்குப் பூவை முழம் போடத் தொடங்கினார். அதற்கு மேல் சொல்ல என்னிடமும் நியாயம் இல்லை.

என்னோடு வந்தவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கொடுமணல் பானையோடு உங்கள் வீட்டில் இருந்தால் என்னிடம் திருப்பிக் கொடுங்கள். அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கிறேன். சிவன்மலையை எரிமலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால், தவறு என்று நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எந்த ஊரில் எந்த வழிகாட்டி எதைச் சொன்னாலும், இது யார் கண்டு சொன்னது, எதில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரை நம்பாதீர்கள். முதலில் என்னைக் கேளுங்கள்.